கேஷ் என்ற குழி

ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவருக்கு ஆர்டர் எடுக்கும் வலைச்செயலி ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஆடித் தள்ளுபடிக்காக விலைப்பட்டியல் மாறிய அன்று காலையில் போன் செய்தார். “தம்பி, புது வெல ஏத்தியாச்சுன்னு சொன்னீங்க. என் கம்ப்யூட்டர்ல பழைய வெலதான் காட்டுது. கடைப் பையன் போன்ல புதுசு வருது. நான் எதை நம்பி பில் போடுறது?”

எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். “ஐயா, கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “கேஷ் எல்லாம் நேத்து ராத்திரியே எண்ணி பேங்குல கட்டியாச்சே தம்பி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

வேலை முடிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நாளில் இருபது தடவையாவது வாயில் வரும் சொல். கேஷ் என்பார்கள், கேட்ச் என்பார்கள், எழுத்துக்கூட்டி கேச்சே என்பவர்களும் உண்டு. அது எங்கிருந்து வந்தது, எதைக் குறித்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று இரவு அகராதிகளைப் புரட்ட உட்கார்ந்தேன்.

முதலில் பெரியவரின் கேஷ். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பணப்பெட்டியிலிருந்து பிறந்தது. இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’. இரண்டுக்கும் பெட்டி என்று பொருள். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. அதே எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ இருக்கிறது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்துக்கு ஐரோப்பிய வணிகர்கள் இட்ட பெயர் அது. அதன் வேர் நம்முடைய காசு. போர்ச்சுக்கீசியர் நாவில் ‘கைஷா’ ஆகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக, பெரியவர் தன் சொல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். நான் சொன்ன கேஷ்தான் வெளியூர்க்காரன்.

அதன் ஊர் பிரான்ஸ். பிரெஞ்சில் ‘காஷே’ என்றால் ஒளித்துவைத்தல். பிரெஞ்சுக் குழந்தைகள் கண்ணாமூச்சி விளையாட்டை ‘காஷ்-காஷ்’ என்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் லத்தீன் வருகிறது. ‘கோகெரே’ என்ற வினைக்குச் சேர்த்து ஓட்டுதல், ஒன்றாக நெருக்குதல் என்று பொருள். மாட்டு மந்தையை ஒரே இடத்துக்கு ஓட்டுவதைப் போல. அதிலிருந்து அழுத்துதல் என்ற பொருளில் ஒரு பேச்சு வழக்கு வினை உருவாகியிருக்க வேண்டும் என்று மொழியறிஞர்கள் கணிக்கிறார்கள். எழுத்தில் அது கிடைக்கவில்லை. அழுத்தித் திணித்து வைத்த பொருள் கண்ணுக்கு மறைகிறது. அப்படியே அழுத்துதல் மறைத்தலாக நகர்ந்தது.

அதே வேரில் பிறந்த மற்றவர்களையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஒருவர் பின்னால் திரும்பி வரப்போகிறார். பாலைத் தயிராக்கும் உறைபொருளுக்கு லத்தீனில் ‘கோஆகுலும்’ என்று பெயர். திரவம் நெருங்கி ஒன்றாவது உறைதல். இன்னொருவர் ‘கஷே’, அதாவது முத்திரை. அரக்கின்மேல் அழுத்திப் பதிப்பதால் அந்தப் பெயர். பிரெஞ்சு மன்னர்கள் விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறையில் அடைக்க அனுப்பிய கடிதங்களை இந்த முத்திரையின் பெயரால்தான் குறித்தார்கள். ஒளிக்கும் குழியும் மெய்யை உறுதி செய்யும் முத்திரையும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

இந்தச் சொல்லை வட அமெரிக்கக் காடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் தோல் வணிகத்துக்காக ஆறு ஆறாகத் துடுப்பு வலித்த பிரெஞ்சு கனேடியர்கள். திரும்பி வரும்போது தேவைப்படும் உணவையும் சேர்த்த தோல்களையும் வழியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழிதான் ‘காஷ்’. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பொருளோடு சொல் ஆங்கிலத்தில் ஏறியது.

அப்படியொரு குழியை நாம் கிட்டத்தில் நின்று பார்க்க முடிகிறது. 1805 ஜூன் மாதம், இன்றைய மொன்டானாவில், மிசூரி ஆற்றில் மரையஸ் ஆறு வந்து கலக்கும் இடம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழு அங்கே தங்கியிருந்தது. மலை ஏறுவதற்கு முன் சுமையைக் குறைக்க வேண்டும். குழுவில் பியேர் க்ரூசாத் என்ற படகோட்டி, தகப்பன் வழியில் பிரெஞ்சுக்காரர், தாய் வழியில் ஒமாஹா பழங்குடி, இந்த வேலையில் பழக்கப்பட்டவர். பொறுப்பை முழுவதும் அவரிடம் விட்டுவிட்டதாக மெரிவெதர் லூயிஸ் நாட்குறிப்பில் எழுதுகிறார்.

மேட்டில் வறண்ட இடமாகப் பார்த்து, சுமார் 20 அங்குல விட்டத்துக்கு ஒரு வட்டம் போடுகிறார்கள். புல்லை வேரும் மண்ணுமாக ஒரே தட்டாகப் பெயர்த்து ஓரமாக வைக்கிறார்கள். ஓரடி நேராகத் தோண்டி, அதற்குக் கீழே அகட்டிக்கொண்டே ஆறேழு அடி இறங்குகிறார்கள். வாய் சிறுத்து வயிறு பருத்த பானை மாதிரி ஒரு பள்ளம். தோண்டிய மண் ஒரு பிடிகூடத் தரையில் சிந்தக் கூடாது. துணியில் கொட்டி ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள். அடியிலும் சுற்றிலும் குச்சியும் காய்ந்த புல்லும் பரப்பி, பொருள்களை அடுக்கி, தோலால் மூடி, மண் போட்டு மிதிக்கிறார்கள். கடைசியில் அந்தப் புல்தட்டை எடுத்த இடத்திலேயே பொருத்துகிறார்கள். பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

கொல்லன் துருத்தி, கோடாரி, பீவர் பொறி, மாவுப் பீப்பாய், வறுத்த மக்காச்சோள மாவு, பன்றி இறைச்சி, உப்பு, வெடிமருந்து, கரடித் தோல்கள் என்று அந்த ஆற்றங்கரையில் புதைத்தவை பல. லூயிஸ் எழுத்துக்கூட்டலில் தேர்ந்தவர் அல்லர். காதில் கேட்டபடி அந்தக் குழியை ‘கேஷ்’ என்று, ரொக்கப் பணத்தின் எழுத்துகளிலேயே எழுதி வைத்தார். என் பெரியவர் கேட்ட அதே கேஷ்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தோண்டிய காட்சியைவிடத் திரும்பி வந்து திறந்த காட்சி. 1806 ஜூலையில் லூயிஸ் அந்த வழியே வந்தார். பெரிய அருவிகளுக்கு மேலே புதைத்திருந்த இன்னொரு குழியில் ஆற்று வெள்ளம் புகுந்திருந்தது. கரடித் தோல்கள் அழுகிவிட்டன. அரும்பாடுபட்டுச் சேகரித்த தாவர மாதிரிகள் அத்தனையும் போயின. மருந்துக் குப்பியின் அடைப்பான் கழன்று மற்ற மருந்துகளையும் கெடுத்திருந்தது. மிசூரி ஆற்றின் வரைபடம் மட்டும் தப்பியது. இரண்டு வாரம் கழித்து மரையஸ் கரைக்கு வந்தால் அங்கே பெரிய குழி சரிந்து கிடக்கிறது. உப்புக்கும் வெடிமருந்துக்கும் பன்றி இறைச்சிக்கும் பெரிய சேதமில்லை. வறுத்த மாவு வீணாகிவிட்டது. தீவில் மறைத்துவைத்திருந்த சிவப்புப் படகு பழுது பார்க்க முடியாதபடி உளுத்துப்போயிருந்தது.

ஒரே கைகள் தோண்டிய ஒரே குழிக்குள் வைத்த பொருள்கள். உப்புக்கு ஓர் ஆயுள், மாவுக்கு வேறு ஆயுள். நான் செய்யும் தொழிலின் பாடம் முழுவதும் அந்த இரண்டு வரி நாட்குறிப்பில் இருக்கிறது. எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதை வைக்கும்போதே எழுதிவிட வேண்டும்; எழுதாமல் போனால் திறக்கும் நாளில்தான் தெரியும்.

கணினிக்குள் இந்தச் சொல் வந்த வழி சுருக்கமானது. 1965இல் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைத்து, அடிக்கடி கேட்பதை அதில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதை ‘ஸ்லேவ் மெமரி’, அடிமை நினைவகம் என்றார். அந்தப் பெயர் நிலைக்காததில் எனக்கு மகிழ்ச்சியே. சில ஆண்டுகளில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையின் 85ஆம் மாடலில் அந்த ஏற்பாட்டைச் செய்தது. அதைப் பற்றிய கட்டுரை ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலுக்கு வந்தபோது ‘அதிவேக பஃபர்’ என்றே பெயரிட்டிருந்தார்கள். பத்திரிகையின் ஆசிரியர் லைல் ஜான்சனுக்கு அது உவக்கவில்லை. பொருள் சொல்லும் பெயராக ஒன்று தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார், வரவில்லை. அவரே ‘கேஷ்’ என்று வைத்தார். 1968இல் கட்டுரை அச்சாகியது. ஒரு துறை முழுவதும் இன்றுவரை ஒரு பத்திரிகை ஆசிரியர் இட்ட பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவன் என்ற முறையில் இது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த இயந்திரத்தில் கேஷின் அளவு 16 கிலோபைட், வேண்டுமானால் 32. நிரலுக்கு அது இருப்பதே தெரியாது. கேட்டது கேட்ட இடத்திலேயே கிடைத்ததாக நிரல் நினைத்துக்கொள்ளும். புல்தட்டு சரியாகப் பொருந்திய குழி.

இணையத்தில் அந்தப் புல்தட்டுதான் பிரச்சினையாயிற்று. கணினிக்குள் கேஷும் மூல நினைவகமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. இணையத்தில் மூலப் பொருள் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. அதன் படி இன்னொருவர் மேசையில், அவர் பிரவுசருக்குள் புதைந்திருக்கிறது. இடையில் கடல். மூலம் மாறிவிட்டதைப் புதைத்தவருக்கு யார் போய்ச் சொல்வது? அதற்காகத்தான் பக்கத்தோடும் படத்தோடும் சேர்த்து, கண்ணில் படாத சில வரிகளைச் சர்வர் முன்னால் எழுதி அனுப்புகிறது. அவையே ஹெடர்கள்.

சர்வரும் பிரவுசரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1996 மே மாதம் வெளியான அதன் 1.0 விவரணத்தில் இதற்கான கருவிகள் கொஞ்சம்தான். ‘எக்ஸ்பயர்ஸ்’ என்றால் இந்தத் தேதிவரை வைத்துக்கொள். ‘லாஸ்ட்-மாடிஃபைடு’ என்றால் இது கடைசியாக மாறியது இன்ன நாளில். அந்த நாளைக் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு மாறியதா என்று பிரவுசர் கேட்கலாம். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். இவற்றோடு ‘ப்ராக்மா: நோ-கேஷ்’ என்று ஒன்று. இந்த நோ-கேஷின் வரலாறு நான் தோண்டியதிலேயே கனமான துண்டு.

1996இல் அது கேட்கிறவர் சொல்லும் சொல். பிரவுசரிலிருந்து கோரிக்கை போகும்போது, ‘வழியில் யாரிடமாவது படி இருந்தாலும் அதைத் தராதீர்கள், மூலத்திடமே போங்கள்’ என்று பொருள். கேட்பவர் வாயில் அந்தப் பெயர் இயல்பாக உட்காருகிறது: கேஷிலிருந்து வேண்டாம். 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 ‘கேஷ்-கன்ட்ரோல்’ என்ற புதிய ஹெடரை உண்டாக்கி, அதே நோ-கேஷை, பதில் தரும் சர்வரின் வாயிலும் வைத்தது. அந்த இடத்தில் அதற்கு எங்கும் சேமிக்கக் கூடாது என்று பொருள் எழுதினார்கள். 1999 ஜூனில் திருத்தி வெளியிட்டபோது பொருள் மாறிவிட்டது: சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டு உறுதி செய்யாமல் கொடுக்காதே. 2022இல் வெளியான இப்போதைய விவரணமும் இதையே சொல்கிறது. அடியோடு சேமிக்காதே என்பதற்கு ‘நோ-ஸ்டோர்’ என்று தனிச்சொல் இருக்கிறது.

பெயர் அப்படியே நின்றுகொண்டு பொருள் மட்டும் நகர்ந்துவிட்டது. நோ-கேஷ் என்று படிப்பவர் எவருக்கும் கேஷ் செய்யாதே என்றுதான் படும். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் வங்கி விவரம் வரும் பக்கத்துக்கு நோ-கேஷ் மட்டும் போட்டுவிட்டு, எதுவும் சேமிக்கப்படவில்லை என்று நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் அந்தக் கணினியிலேயே புதைந்து கிடக்கலாம். பெயர் வைத்தவர்கள் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ‘கேட்டுக்கொடு’ என்று பொருள்படும் ஒரு பெயரை 1999இலேயே வைத்திருந்தால் எத்தனை பேருடைய தவறுகள் குறைந்திருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

நல்ல பெயர்களும் உண்டு. விவரணத்தில் கெடு தாண்டாத படியை ‘ஃப்ரெஷ்’ என்றும், தாண்டியதை ‘ஸ்டேல்’ என்றும் சொல்கிறார்கள். இரண்டும் அடுக்களைச் சொற்கள். ஸ்டேல் என்றதும் ஊசிப்போனது என்று நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். இடைக்கால ஆங்கிலத்தில் அது பீருக்குச் சொன்ன பாராட்டு. நெடுநேரம் நின்று, மண்டி அடியில் படிந்து, தெளிந்த சரக்குக்கு ஸ்டேல் என்று பெயர். நிற்றல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கெட்டது என்ற பொருள் பிறகு ஏறியது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடி அலைய வேண்டாம்; வீட்டிலேயே இருக்கிறது. பழையது. நேற்று வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. சூடு போய்விட்டது, கெட்டுவிடவில்லை. பசித்தவனுக்கு அதுவே அமிர்தம். ஸ்டேல் என்பதன் தொழில்நுட்பப் பொருள் சரியாக இதுதான். 2010இல் மார்க் நாட்டிங்ஹாம் எழுதிய ஒரு விவரணம் ‘ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்’ என்று ஒரு கட்டளையைச் சேர்த்தது. வந்தவருக்கு இருக்கிற பழையதை உடனே பரிமாறு. அவர் சாப்பிடும் நேரத்தில் பின்கட்டில் புதிதாக உலை வை. அதனோடு வந்த ‘ஸ்டேல்-இஃப்-எரர்’, அடுப்பு எரியாத நாளில் பழையதையே போடு என்கிறது. எந்தக் கிராமத்து வீட்டிலும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கிற ஏற்பாடு.

முத்திரை திரும்பி வரும் என்று சொன்னேன். 1.1 விவரணத்தோடு ‘ஈடேக்’ வந்தது. ஒரு ஃபைலின் இன்றைய வடிவத்துக்குச் சர்வர் இடும் அடையாளக் குறி அது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் குறி மாறும்படி பெரும்பாலும் அமைப்பார்கள். பிரவுசர் படியோடு அந்தக் குறியையும் வைத்திருக்கிறது. அடுத்த முறை, ‘என்னிடம் உள்ளது இந்தக் குறி, இதோடு பொருந்தவில்லை என்றால் மட்டும் புதிது அனுப்பு’ என்று ‘இஃப்-நன்-மேட்ச்’ ஹெடரில் எழுதி அனுப்பும். பொருந்தினால் அதே 304. அரக்கு முத்திரையை ஒப்பிட்டுப் பார்த்துக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் பழைய வழக்கம்தான். லத்தீன் வேரிலிருந்து பிரிந்துபோன கஷேயும் காஷும் இத்தனை நூற்றாண்டு கழித்து ஒரே ஹெடர் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இது யாரும் திட்டமிட்டதல்ல என்பதால் இன்னும் பிடிக்கிறது.

மறைத்தல் என்ற மூலப்பொருள் கைவிட்டுப்போன நாளும் உண்டு. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் தளத்தில் நுழைந்தவர்கள் சிலருக்கு முன்பின் தெரியாதவர்களின் கணக்குப் பக்கங்கள் தெரிந்தன. பெரும் தாக்குதலைச் சமாளிக்கப் போட்ட கேஷ் அமைப்பு ஒன்று, உள்நுழைந்தவர்களுக்கென்று தனியாக உண்டான பக்கங்களையும் பொதுக் கிடங்கில் வைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் இப்படித் தெரிந்திருக்கலாம் என்று நடத்துநரான வால்வ் நிறுவனம் அறிவித்தது. கேஷ்-கன்ட்ரோலில் ‘ப்ரைவேட்’ என்றொரு சொல் இருப்பது இந்தக் காவலுக்குத்தான்: இது கேட்டவரின் பிரவுசரில் மட்டும் இருக்கட்டும், வழியிலுள்ள பொதுக் கிடங்குகளில் தங்க வேண்டாம்.

தமிழில் கேஷுக்குத் தற்காலிக நினைவகம் என்கிறார்கள், பதுக்ககம் என்றும் எழுதுகிறார்கள். முதலாவது விளக்கம், பெயராக ஒட்டவில்லை. பதுக்ககம் பிரெஞ்சுச் சொல்லின் பொருளை அப்படியே பிடிக்கிறது. பழமையும் உண்டு: பாலை வழியில் இறந்தவர் உடலை மூடிய கற்குவியலைச் சங்கப் பாடல்கள் பதுக்கை என்கின்றன. ஆனால் இன்றைய காதுக்குப் பதுக்கல் என்றால் அரிசி மூட்டையை அடுக்கி வைத்து விலை ஏறக் காத்திருப்பவன் நினைவுதான் வருகிறது. பிறருக்குக் கிடைக்காமல் செய்வது பதுக்கல். பிறகு விரைந்து கிடைப்பதற்காக வைப்பது கேஷ். ஆகவே பொருளுக்குப் பெயராகக் கேஷ் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கருத்து. அதைச் சுற்றியுள்ளவற்றுக்குப் பழையது, முத்திரை, கெடு என்று நம்மிடம் உயிருள்ள சொற்கள் இருக்கின்றன. இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அவற்றையே பயன்படுத்துகிறேன். விளங்குகிறது.

இனி பெரியவரின் விலைப்பட்டியல். அது தனி ஃபைலாக இறங்கும். அதற்கு நான் எந்தக் கேஷ் ஹெடரும் எழுதியிருக்கவில்லை. லாஸ்ட்-மாடிஃபைடு மட்டும் சர்வர் தானாகச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்றும் எழுதாவிட்டால் சேமிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கெடு எழுதாத பொருளுக்குப் பிரவுசர் தானே ஒரு கெடு கணித்துக்கொள்ளலாம். மாறாமல் இருந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு, விவரணமே அதைக் குறிப்பிடுகிறது. பட்டியல் சித்திரையில் மாறியது. சுமார் 100 நாள் கழித்து ஆடியில் அவர் கணினி அதை இறக்கியது. அப்படியென்றால் 10 நாள் வரை யாரையும் கேட்காமல் பரிமாறலாம் என்று பிரவுசர் முடிவு செய்துவிட்டது. மூன்றாம் நாள் விலை மாறியது. கடைப் பையனின் போன் அன்றுதான் முதல் முறையாக இறக்கியது. இருவரும் பார்த்தது சரி. எழுத வேண்டியதை எழுதாதவன் நான்.

அன்றே இரண்டு இடத்தில் வரி சேர்த்தேன். விலைப்பட்டியலுக்குக் ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்’, கூடவே ஈடேக். வைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு முறையும் முத்திரையைக் காட்டிக் கேட்கட்டும். செயலியின் எழுத்துரு, வடிவமைப்பு ஃபைல்களுக்கு ‘மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்’; ஓராண்டின் நொடிகள் அவை. அந்த ஃபைல்களின் பெயரிலேயே உள்ளடக்கக் குறி சேர்ந்திருப்பதால், மாறினால் பெயரே மாறிவிடும். பழைய பெயரில் உள்ளதை ஓராண்டு வைத்திருந்தாலும் தீங்கில்லை. ஒன்று மாவு, மற்றொன்று உப்பு.

மாலையில் பெரியவரை அழைத்து, இனிமேல் நீங்கள் எதையும் கிளியர் பண்ண வேண்டியதில்லை ஐயா என்றேன். புரட்டாசியில் மறுபடியும் விலை மாறியது. அன்று அவரிடமிருந்து போன் வரவில்லை. நானாகவே அழைத்துக் கேட்டேன். “காலைலயே புது வெல வந்துடுச்சே தம்பி, ஏன், ஏதாச்சும் பண்ணணுமா?” என்றார்.